பழுத்த சுளை வேண்டாம், பிஞ்சைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் பலாவில் செய்யும் பார்பிக்யூ சாண்ட்விச்சுக்கு ஒரு செய்முறை வந்திருந்தது. இறைச்சி இல்லாமல், பால், முட்டை இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் தேவையான பொருட்களில் முதல் வரியே 'நன்கு பழுத்த பலாச்சுளை இரண்டு கப்' என்று இருக்கிறது. அது தவறு. இந்தப் பண்டத்துக்கு வேண்டியது பிஞ்சு. கொட்டைக்கு ஓடு பிடிக்காத, சுளை இன்னும் வெள்ளையாக இருக்கிற பலாப்பிஞ்சு. பலாமூசு என்று சில ஊர்களிலும், இடிச்சக்கை என்று குமரிப் பக்கத்திலும் சொல்வது இதைத்தான்.

எங்கள் தெருவில் புதிதாகத் திருமணமாகி வந்த பெண் ஒருத்தி அந்தச் செய்முறையைப் பார்த்து, பருவம் தப்பிப் பழுத்த பழம் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து செய்தாள். தை மாதத்தில் எங்கள் ஊரிலேயே பழம் கிடைப்பது அரிது. சுளையைத் தக்காளி, பூண்டு, வினிகரோடு அடுப்பில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே குழைந்து பாகு மாதிரி ஆகிவிட்டது. பலாப்பழ வாசனையும் பூண்டு வாசனையும் ஒன்றோடொன்று சேரவில்லை. "எனக்குத்தான் கைப்பக்குவம் இல்லை போல, டீச்சர்" என்று என்னிடம் வந்து கண் கலங்கினாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. பழுக்கப் பழுக்கப் பலாவில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, சதை இளகுகிறது. அதைப் பாயசம் வைக்கலாம், அல்வா கிண்டலாம். நார் நாராகப் பிய்த்து பன்னுக்குள் வைக்க அது நிற்காது. பிஞ்சில் இனிப்பு கிடையாது, தனக்கென்று பெரிய ருசியும் கிடையாது. மாவும் நாரும்தான் இருக்கும். அதனால்தான் என்ன சேர்த்தாலும் அந்த ருசியை ஏற்றுக்கொள்கிறது.

நான் பண்ருட்டிக்குப் பக்கத்தில் பணிக்கன்குப்பத்தில் வசிக்கிறேன். ஊராட்சிப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 பலா ரகம் எங்கள் ஊர் மரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதில் எங்களுக்கு எப்போதும் பெருமை உண்டு. எங்கள் வீட்டுத் தோப்பில் இருபத்து மூன்று பலா மரங்கள் நின்றன. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் வந்த தானே புயலில் பதினாறு மரங்கள் வேரோடு சாய்ந்தன. அன்று காலை தோப்புக்குள் போன என் வீட்டுக்காரர் மதியம் வரை வீட்டுக்கு வரவில்லை. விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்தே இருந்தார். பிறகு ஒட்டுக் கன்று வாங்கி வைத்தோம். அவை இப்போது நன்றாகக் காய்க்கின்றன. இதையெல்லாம் எழுதக் காரணம், பலாவைப் பற்றி ஏதாவது தவறாக அச்சாகிவிட்டால் எனக்கு மனம் கேட்பதில்லை.

இந்தப் பண்டத்தை நான் தெரிந்துகொண்டது அமெரிக்காவில். என் மகன் வட கரோலினா மாநிலத்தில் ராலே நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். 2019இல் மருமகளின் இரண்டாவது பிரசவத்துக்காக மே மாதம் போய் அக்டோபர் வரை தங்கியிருந்தேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வள்ளலார் வழியில் நிற்கிற குடும்பம். வடலூர் தருமசாலையில் 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. என் தாத்தா தைப்பூசத்துக்கு நடந்தே போவார். புலால் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. மகனும் அங்கே போயும் அதை விடவில்லை.

ஜூலை 4 அவர்களுக்குச் சுதந்திர தினம். குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து வெளியில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். பன்றியின் தோள்பட்டை இறைச்சியை விறகுப் புகையில் இரவு முழுக்க வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வினிகரும் மிளகாயும் சேர்ந்த சாற்றில் பிரட்டி, பன்னுக்குள் வைத்து மேலே முட்டைக்கோஸ் துருவல் போட்டுக் கொடுத்தார்கள். குழந்தைகள் எல்லோர் கையிலும் அந்தப் பன். முதல் வகுப்பு படிக்கிற என் பேரன் தட்டில் வறுவலும் சோளக்கதிரும் மட்டும் இருந்தன. "ஆயா, நமக்கு மட்டும் ஏன் பன் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நான் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு அம்மா ஒரு மூடியிட்ட பாத்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் கறுப்பினத்து அம்மா, அவரும் பள்ளியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கென்று தனிச் சட்டியில், தனிக் கரண்டியில் செய்ததாக மருமகளிடம் சொன்னார். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சாறு எனக்குப் புதிது. ஆனால் உள்ளே இருப்பது பலாப்பிஞ்சு. பல்லில் படும் அந்த நாரும், இன்னும் முற்றாத சின்னக் கொட்டையின் பிசுபிசுப்பும் எனக்குத் தெரியாதா? பேரன் இரண்டு பன் சாப்பிட்டான். அன்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்ல எனக்கு ஆங்கிலம் ஓடவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். டப்பாவைக் காட்டினார். உப்புத் தண்ணீரில் போட்ட பலாப்பிஞ்சுத் துண்டுகள். தாய்லாந்திலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. அதே கடையில், அதே அளவு டப்பாவில், சர்க்கரைப் பாகில் போட்ட பழச்சுளையும் விற்கிறார்கள். முதல் தடவை தெரியாமல் பாகில் போட்டதை வாங்கி வந்து எல்லாவற்றையும் வீணாக்கியதாக அந்த அம்மாவே சொன்னார். தங்கள் செய்முறையில் நடந்த பிழையும் இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிஞ்சுக்கும் பழத்துக்கும் அங்கே ஒரே பெயர். மொழிபெயர்க்கிறபோது பலா என்றதும் நம் மனது பழத்துக்குப் போய்விடுகிறது.

அவருக்குப் பலா எப்படிக் காய்க்கும் என்று தெரிந்திருக்கவில்லை. கைபேசியில் எங்கள் தோப்பின் படத்தைக் காட்டினேன். அடிமரத்தில், வேர் முண்டில் காய் தொங்குவதைப் பார்த்து வாயடைத்துப்போனார். தன் பங்குக்கு அவர் எனக்கு அந்த ஊர்ச் சமையலைச் சொல்லித் தந்தார். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் மட்டும், மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் அதில் கொஞ்சம் தக்காளி, தென் கரோலினாவில் கடுகு, தூரத்தில் கன்சாஸ் சிட்டியில் கெட்டியான தக்காளியும் கரும்புப்பாகும் என்று ஊருக்கு ஊர் மாறுமாம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தன் முன்னோர்களின் கையில் வளர்ந்த சமையல் இது என்று சொன்னபோது அவர் குரல் மாறியது. தன் ஊர்ச் சாற்றை விட்டுக்கொடுக்காமலேயே எங்களுக்காக இறைச்சியை மட்டும் விலக்கி அவர் செய்து கொடுத்ததன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிஞ்சு எங்கள் மரத்தடியில் சீந்துவாரில்லாமல் கிடக்கிறது. அதை டப்பாவில் அடைத்துக் கடல் கடந்து கொண்டுவந்து டாலருக்கு விற்கிறார்கள். இதை நினைத்து நினைத்து மனம் ஆறவில்லை.

ஊருக்குத் திரும்பி அடுத்த தை மாதத்தில் செய்து பார்த்தேன். முதல் தடவை குக்கரில் நான்கு விசில் விட்டுக் கூழாக்கினேன். இரண்டாவது தடவை முற்றிய காயை எடுத்துவிட்டேன், கொட்டை ஓடெல்லாம் வாயில் குத்தியது. மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தையிலும் மாசியிலும் செய்கிறேன். போன வருடம் மாசி மகத்துக்கு மறுநாள் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நாற்பது பன் செய்து கொடுத்தேன். இந்த அனுபவத்தில் தெரிந்ததைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் கடிதத்தின் மற்ற பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

பிஞ்சு ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும். முள் நெருக்கமாக, கூர்மையாக, பச்சையாக இருக்க வேண்டும். முள் அகன்று, தட்டினால் பொத்துப்பொத்தென்று ஓசை வந்தால் முற்றிவிட்டது என்று பொருள். சந்தேகமிருந்தால் கடைக்காரரிடம் காம்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு கீற்று வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். கொட்டை இருக்கும் இடத்தில் நகம் சுலபமாக இறங்க வேண்டும். மரத்தடியில் கறுத்து, மேலே பஞ்சு மாதிரிப் பூஞ்சை பூத்துக் கிடப்பதை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அது அழுகல் நோய் பிடித்து உதிர்ந்தது. விரல் நீளத்துக்கு வழவழப்பாக உதிர்கிறதே, அது ஆண் பூ. பிஞ்சு உதிர்கிறது என்று பலர் அதைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். அது உதிர வேண்டியதுதான். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அதை உப்பு மிளகாய் தொட்டுத் தின்போம்.

பிஞ்சை அறுப்பதற்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். பால் ஒட்டும் என்பதே காரணம். தரையில் பழைய செய்தித்தாளை நன்றாக விரியுங்கள். இரண்டு கையிலும், அரிவாள்மணையிலும் நல்லெண்ணெய் தடவுங்கள். காம்பை வெட்டியதும் வடிகிற பாலை ஒரு காகிதத்தால் ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு சாய்த்து வையுங்கள். பாதிப் பால் அதிலேயே போய்விடும். பிறகு இரண்டு விரல் கனத்துக்கு வட்ட வட்டமாக அறுத்து, ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி முள்தோலைச் சீவினால் வேலை சுலபம். முழுக் காயாக வைத்துக்கொண்டு தோலைச் சீவப் போனால் ஒரு மணி நேரம் ஆகும், கையும் கீறும். நடுத்தண்டைத் தூக்கிப் போட வேண்டாம். பிஞ்சில் அதுவும் வேகும், பொடியாக நறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். நறுக்கியதை உடனே மஞ்சள் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். இரண்டு கிலோ பிஞ்சில் தோல் போக எனக்கு ஒரு கிலோ அளவுக்குத் தேறுகிறது. அது எட்டுப் பன்னுக்குக் காணும்.

வேகவைப்பதற்குக் குக்கரை எடுக்கவே எடுக்காதீர்கள். இட்லிப் பானையில் தட்டின் மேல் பரப்பி, உப்புத் தூவி, ஆவியில் இருபது நிமிடம் வேகவிடுங்கள். தண்ணீரில் வேகவைத்தால் பிஞ்சு பஞ்சு மாதிரி அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எந்தச் சாறும் உள்ளே ஏறாது. ஆறியதும் ஒரு வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிப் பிழியுங்கள். நன்றாகப் பலம் கொடுத்துப் பிழிய வேண்டும். பிறகு கையால் உதிர்த்தால் நார் தனியாக, சுளை தனியாக, இளங்கொட்டை தனியாக வரும். கொட்டையையும் நசுக்கி உள்ளேயே சேர்த்துவிடலாம்.

சாறு எளிது. நாட்டுத் தக்காளி அரை கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு எட்டுப் பல் ஆகியவற்றைக் கடலை எண்ணெயில் வதக்கி அரைத்துக்கொள்ளுங்கள். அதில் வெல்லம் 80 கிராம், வினிகர் நான்கு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூளும் கடுகுப்பொடியும் ஒவ்வொரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, உப்பு சேர்த்து, கரண்டியின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பதம் வரை சுண்டவிட வேண்டும். அவர்கள் கரும்புப்பாகு ஊற்றுகிற இடத்தில் நான் கறுப்பு வெல்லம் போடுகிறேன். எங்கள் மாவட்டத்துக் கரும்பு வெல்லத்துக்கு அந்தக் கருகிய இனிப்பு இயல்பாகவே உண்டு. வினிகருக்குப் பதில் புளி ஊற்றிப் பார்த்தேன். புளிக்குழம்பு வாசனை வந்துவிட்டது. இதற்கு வினிகர்தான் சரி. பட்டை, சோம்பு, கறிவேப்பிலை என்று கை தானாகப் போகும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். அவற்றைப் போட்டால் பலாக்காய் பிரட்டல் ஆகிவிடும். அதுவும் அருமையானதுதான், ஆனால் அது வேறு பண்டம்.

உதிர்த்த பலாவை முக்கால் பங்குச் சாற்றில் போட்டுச் சிறு தீயில் கால் மணி நேரம் பிரட்டுங்கள். இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். தங்கள் செய்முறையும் இங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்ததாகச் செய்ய வேண்டியதில்தான் முழு ருசியும் இருக்கிறது. இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, பலாவை மெல்லியதாகப் பரப்பிக் கிளறாமல் மூன்று நான்கு நிமிடம் அப்படியே விட வேண்டும். அடிப்பக்கம் சிவந்து, ஓரம் மொறுமொறுப்பாக ஆகும். திருப்பிவிட்டு மீதிச் சாற்றில் கொஞ்சம் தெளித்து இன்னொரு முறை. அந்த அம்மா இதை ஓவன் என்கிற அடுப்புப் பெட்டிக்குள் தட்டில் பரப்பிச் செய்தார். தோசைக்கல்லில் இன்னும் நன்றாக வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

புகை வாசனை வேண்டும் என்றால், கொட்டாங்கச்சிக் கரித்துண்டு ஒன்றைத் தணலாக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, சட்டியின் நடுவில் இறக்கி, நான்கு சொட்டுக் கடலை எண்ணெய் விட்டு உடனே மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். கிண்ணம் சட்டியில் இருக்கும் பலாவைத் தொடாமல் இருக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முந்திரி ஓட்டுக் கரியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும், அதன் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. உடைப்புப் பட்டறையில் வேலை செய்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பன்னைத் தோசைக்கல்லிலேயே எண்ணெய் விட்டுச் சிவக்க வாட்டிக்கொள்ளுங்கள். முழுக்கத் தாவர உணவாக இருக்க வேண்டுமென்றால் பேக்கரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பன்னின் மேல் பளபளப்புக்காகச் சில இடங்களில் முட்டையோ பாலோ தடவுகிறார்கள். முட்டைக்கோஸும் கேரட்டும் மெல்லியதாக நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் பிசிறி மேலே வைத்தால் போதும். விருந்தாளி வரும் நாளில் நான் ஊறவைத்த முந்திரி ஒரு கைப்பிடியை எலுமிச்சைச் சாறு, கடுகுப்பொடி, கொஞ்சம் தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரைத்து அந்த முட்டைக்கோஸில் கலக்கிறேன். பண்ருட்டிக்காரர்களுக்கு மயோனைஸ் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இறைச்சிக்குச் சமம் என்று தங்கள் செய்முறையின் தலைப்பில் இருக்கிறது. வாய்க்குச் சமம் என்று சொல்லலாம், உடம்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. பலாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம் புரதம்தான் இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு இதை மட்டும் கொடுத்துவிட்டுப் புரதம் கொடுத்துவிட்டோம் என்று தாய்மார்கள் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் இந்தப் பன்னோடு இனிப்பும் காரமும் சேர்த்து வேகவைத்த பீன்ஸ் கொட்டையைப் பெரும்பாலும் பரிமாறுகிறார்கள். நமக்குத் தை, மாசியில் பச்சை மொச்சை தாராளமாகக் கிடைக்கிறது. மீதமிருக்கும் சாற்றிலேயே வேகவைத்த மொச்சையைப் போட்டுச் சுண்டவிட்டு ஒரு கிண்ணம் பக்கத்தில் வைத்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது. வெல்லம் சேர்வதால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பலாவில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்கள் ஊரில் பிஞ்சைப் பறிப்பது பாவம் என்று ஒரு எண்ணம் உண்டு. என் மாமியார் இருந்தவரை மரத்தில் கை வைக்க விடமாட்டார்கள். "வயித்துப் புள்ளைய பறிக்கிற மாதிரிம்மா அது" என்பார்கள். ஓர் உயிருக்கும் வருத்தம் தரக் கூடாது என்று வளர்ந்த எனக்கும் முதலில் கை நடுங்கியது. ஆனால் ஒரே காம்பில் நான்கு ஐந்து பிஞ்சு கொத்தாகப் பிடித்தால் எல்லாமே பழமாவதில்லை. சில வெம்பும், சில ஒன்றை ஒன்று நெருக்கிக் கோணிக்கொள்ளும், ஈரம் தங்கி அழுகும். கொத்துக்கு ஒன்றோ இரண்டோ விட்டுவிட்டு மற்றதைக் களைந்தால் நிற்பது நன்றாகத் திரளும். இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் தோப்பில் மரமேறுகிற அண்ணன். "டீச்சர், பள்ளிக்கூடத்துல ஒரு பெஞ்சில ஏழு புள்ளைங்கள உக்கார வெச்சா எப்படி எழுதும்?" என்று கேட்டார். அதிலிருந்து நாங்கள் ஒவ்வொரு தையிலும் களைகிறோம். போன வருடம் களைந்ததில் எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் போக மீதியைப் பிஞ்சு ஒன்று நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தோம். பழக் காலத்தில் மரத்துக்கு வரும் பணம் அதனால் குறையவில்லை.

கேரளத்தில் இடிச்சக்கை தோரன் இல்லாத வீடு கிடையாது. இலங்கையில் பலாப்பிஞ்சுக் கறிக்குத் தனி மரியாதை. பண்ருட்டியில் நெடுஞ்சாலை ஓரமாகச் சித்திரையிலிருந்து ஆடி வரை பழக் கடை வரிசையாக நிற்கும். அதே சாலையில் தையில் ஒரு பிஞ்சு கேட்டால், எதற்கு என்று நம்மைத் திருப்பிக் கேட்கிறார்கள். கேட்பவர் இல்லாததால் விற்பவர் இல்லை. சென்னையிலும் கோவையிலும் இந்த சாண்ட்விச்சை உணவகத்தில் நல்ல விலை கொடுத்துச் சாப்பிடுகிற இளைஞர்கள் தங்கள் இணைப்பைப் படிக்கிறார்கள். அவர்கள் காய்கறிக் கடையில் போய்ப் பலாப்பிஞ்சு இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினாலே போதும், எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிக்குப் பழம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே கையில் ஒரு காசு வரும். தோப்பைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கிக் கடனை அடைக்கிறவர்களுக்கு அந்தத் தை, மாசிப் பணம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடும் தானேக்குப் பிறகு நான்கு வருடம் அப்படித்தான் ஓடியது.

ஆகவே அந்தச் செய்முறையைத் திருத்தி மறுபடி வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 'பழுத்த பலாச்சுளை' என்பதை எடுத்துவிட்டுப் 'பலாப்பிஞ்சு' என்று போடுங்கள். பிஞ்சின் படம் ஒன்றும், அதை அறுத்த வட்டத்தின் படம் ஒன்றும் சேர்த்துப் போட்டால் கடையில் பார்த்து வாங்க வசதியாக இருக்கும். படம் வேண்டுமென்றால் எங்கள் தோப்புக்குத் தங்கள் நிருபர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் தெருப் பெண்ணை வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அவள் கையாலேயே செய்ய வைக்கப்போகிறேன். திருத்தம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வர வேண்டும். பங்குனி பாதியில் கொட்டைக்கு ஓடு பிடித்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
பணிக்கன்குப்பம், பண்ருட்டி வட்டம்.